சட்டைய நாமளே மாட்டி விட்டா கை எப்படி கத்துக்கும்?

ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில இருந்து வீடு திரும்பின ஒருத்தருக்கு காலையில என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாருங்க. மக பல்லு தேய்ச்சு விடுறா, பையன் அக்குள்ல கைய குடுத்து தூக்கி சேர்ல உக்கார வைக்கிறான், வீட்டம்மா இட்லிய பிச்சு ஊட்டி விடுறாங்க, சட்டைய மாட்டி பட்டனையும் போட்டு விட்டு பத்து மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிருது. பாசத்துக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா வராம போன அந்த வலது கை, காலையில இருந்து ஒரு தடவை கூட எந்த வேலையும் செய்யல. அப்புறம் பிசியோ வந்து அரை மணி நேரம் மடக்கி நீட்டி விட்டுட்டு போவாரு, அன்னைக்கு அந்த கைக்கு கிடைச்சது அவ்ளோ தான்.

ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமா ஓ.டி., இங்க தான் வருது. குளிக்கிறது, உடுத்துறது, சாப்பிடுறது, பாத்ரூம் போறது, சமைக்கிறதுன்னு ஒரு மனுஷர் தினமும் செய்ற வேலைகளையே பயிற்சியா வச்சு, அந்த வேலைய அவரே செய்ய வைக்கிறது தான் ஓ.டி. அதனால வீட்டுல பாத்துக்கிறவங்களும் சரி, ஓ.டி. படிக்கிற பசங்களும் சரி, புதுசா அசிஸ்டெண்ட்டா சேந்தவங்களும் சரி, முதல்ல பழக வேண்டியது உதவிய எங்க நிறுத்தணும்ங்கிறத தான்.

ஏன் நிறுத்தணும்? ஸ்ட்ரோக் வந்த முதல் சில வாரம் கை உண்மையிலேயே வராது. அவரும் முயற்சி பண்ணி பாப்பாரு, டம்ளர் கீழ விழும், சட்டை நனையும், வீட்டுல எல்லாரும் ஓடி வருவாங்க, நல்ல கையால எடுத்தா சட்டுனு வேலை முடிஞ்சிரும். மூளை இதை அப்படியே புடிச்சுக்குது, அந்த கைய கூப்பிட்டா அவமானம், இந்த கைய கூப்பிட்டா வேலை முடியுதுன்னு. கொஞ்ச நாள் கழிச்சு மூளையில வீக்கம் வடிஞ்சு, சேதமாகாத பகுதிகள் வேலைய எடுத்துக்க ஆரம்பிச்சு, கையில கொஞ்சம் அசைவு திரும்பி வந்திருக்கும், ஆனா அவரு அந்த கைய கூப்பிடவே மாட்டாரு. வரக்கூடிய கை கூட வராத கையாவே இருந்துரும்.

இதை முதல்ல தெளிவா சொன்னவரு அமெரிக்காவுல எட்வர்ட் டவுப்னு ஒரு ஆராய்ச்சியாளர். குரங்கோட ஒரு கையில இருந்து உணர்ச்சிய கொண்டு போற நரம்ப வெட்டிட்டா அது அந்த கைய சுத்தமா பயன்படுத்தாம விட்டுருது, ஆனா நல்ல கைய கொஞ்ச நாள் கட்டி வச்சா அதே கைய மறுபடி எடுத்து பயன்படுத்த ஆரம்பிக்குதுன்னு அவரு பாத்தாரு. இதுல இருந்து வந்த சிகிச்சைய 2006ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 222 பேருக்கு சோதிச்சு பாத்தாங்க. எல்லாருக்கும் ஸ்ட்ரோக் வந்து 3ல இருந்து 9 மாசம் ஆகியிருந்துச்சு. சிகிச்சை கிடைச்ச குழுவுக்கு ரெண்டு வாரம், முழிச்சிருக்கிற நேரத்துல 90 சதவீதம் நல்ல கையில ஒரு கையுறைய மாட்டி வச்சு, பாதிச்ச கையாலயே எல்லாத்தையும் செய்ய வச்சாங்க. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள விட இவங்க கை நல்லா தேறுச்சு, ஒரு வருஷம் கழிச்சு பாத்தப்பவும் அந்த முன்னேற்றம் நிலைச்சிருந்துச்சு.

இதை படிச்சுட்டு நேரா போய் அப்பாவோட நல்ல கைய கட்டி வச்சுராதீங்க, ப்ளீஸ். அந்த ஆய்வுல சேந்தவங்களுக்கு மணிக்கட்டையும் விரலையும் ஓரளவாவது தானா விரிக்க முடிஞ்சுது, அது இல்லாதவங்களுக்கு இது வெறும் சித்திரவதை தான், தடுமாறி விழும்போது புடிக்கிறதுக்கும் கை இருக்காது. ஸ்ட்ரோக் வந்த உடனேயே ரொம்ப அழுத்தமா இதை பண்ணினா பலன் குறையவும் செய்யும்னு 2009ல வந்த ஒரு ஆய்வு காட்டியிருக்கு. யாருக்கு, எப்போங்கிறத தெரபிஸ்ட் தான் முடிவு பண்ணணும். வீட்டுல இருக்கிறவங்க எடுத்துக்க வேண்டியது அதுக்கு பின்னாடி இருக்கிற விஷயத்த, கைக்கு தினமும் நிறைய தடவை உண்மையான வேலை வேணும்.

நிறையன்னா எவ்வளவு? 1996ல ராண்டால்ஃப் நூடோ குழு, மூளையில கைக்கான பகுதியில சின்ன சேதம் ஆன குரங்குகளுக்கு குட்டி குழிகள்ல இருந்து தீனிய விரலால எடுக்க வச்சு பயிற்சி குடுத்தாங்க, பக்கத்துல இருந்த மூளைப் பகுதிகள் கைக்காக வேலை செய்ற மாதிரி மாறுச்சு. பயிற்சியே இல்லாம விட்ட குரங்குகளுக்கு மிச்சமிருந்த கைப் பகுதியும் சுருங்கி போச்சு. இந்த மாதிரி சோதனைகள்ல ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான தடவை கை வேலை செய்யும். ஆனா மனுஷங்களுக்கு நடக்கிற தெரபிய 2009ல ஒரு குழு உக்காந்து எண்ணி பாத்தப்ப, கைய வச்சு ஒரு வேலைய செய்ற பயிற்சி ஒரு செஷனுக்கு சராசரியா 32 தடவை தான் நடந்திருந்துச்சு. மிச்சத்த எங்க இருந்து கொண்டு வர்றது? பல்லு தேய்க்கிறதுல, சட்டை போடுறதுல, தட்ட நகத்துறதுல, கதவ தொறக்கிறதுல இருந்து தான் கொண்டு வரணும். நாம பாசத்துல செஞ்சு விடுற ஒவ்வொண்ணும் அந்த கணக்குல இருந்து ஒண்ண குறைக்குது.

அதுக்காக தனியா தவிக்க விடவும் கூடாது. ஒரு வேலைய சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, வாயே தொறக்காதீங்க, அடிபட்ட மூளைக்கு ஆரம்பிக்கவே நேரம் எடுக்கும். அப்பவும் நடக்கலன்னா ஒரே வார்த்தை, "சட்டைக்கை". அதுக்கும் நடக்கலன்னா விரலால காட்டுங்க, அப்புறம் முழங்கைய லேசா தொட்டு விடுங்க, கடைசியா தான் அவரு கை மேல உங்க கைய வச்சு சேந்து செய்றது. நாலு பேரு நாலு பக்கத்துல இருந்து "அப்படி புடிங்க, இப்படி இழுங்க"ன்னு கத்துறது வேண்டவே வேண்டாம், ஒரு நேரத்துல ஒரு குரல் போதும். ரொம்ப முடியாதவரா இருந்தா கடைசியில இருந்து ஆரம்பிங்க, முழு சட்டையையும் நீங்க போட்டு விட்டு ஒரே ஒரு பட்டன மட்டும் அவருக்கு விடுங்க. நாள் போக போக ரெண்டு பட்டன், அப்புறம் ஒரு கை. வேலைய முடிச்ச திருப்தி தினமும் அவருக்கு கிடைக்கும், அது சின்ன விஷயம் இல்ல.

சட்டைய கொஞ்சம் கிட்ட போய் பாப்போம். முதல்ல கட்டில் வேண்டாம், மெத்தை அமுங்கும், கால் தரையில பதியுற மாதிரி கெட்டியான நாற்காலியில உக்காரட்டும். சட்டைய மடியில விரிச்சு, பாதிச்ச கைக்கான சட்டைக்கை ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தொங்குற மாதிரி போடுங்க. இப்ப அவரு முன்னாடி குனிஞ்சா பாதிச்ச கை தன் எடையிலேயே கீழ தொங்கும், முழங்கை நீளும், இறுகி மடங்கி நிக்கிற கை கூட கொஞ்சம் இளகும். அப்படியே சட்டைக்கைக்குள்ள விட்டு, நல்ல கையால அதை முழங்கைய தாண்டி தோள் வரைக்கும் இழுக்கணும், முழங்கைக்கு கீழயே விட்டா நழுவி வந்துரும். அப்புறம் காலர முதுகு பக்கமா சுத்தி கொண்டு வந்து நல்ல கைய நுழைக்கணும். பட்டன கீழ இருந்து மேல போடணும், கீழ இருக்கிறது கண்ணுக்கு தெரியும், வரிசை மாறாது. பாதிச்ச கை முதல்ல போறதுக்கு காரணம், அதால பின்னாடி வளைஞ்சு சட்டைக்கைய தேட முடியாது, துணி முழுசும் தளர்வா இருக்கிறப்பவே அதுக்கு வழி குடுக்கணும். கழட்டும்போது அப்படியே தலைகீழ், நல்ல கை முதல்ல வெளிய வரணும். ஜாக்கெட் கொக்கி கஷ்டம்னா டெய்லர் கிட்ட குடுத்து வெல்க்ரோ வச்சுக்கலாம், அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

இங்க தோள்பட்டைய பத்தி சொல்லியே ஆகணும், வீட்டுல அதிகமா காயப்படுறது அது தான். தோள் மூட்டு கிட்டத்தட்ட கரண்டியில வச்ச எலுமிச்சம்பழம் மாதிரி, குழி ரொம்ப ஆழமில்லாதது, உருண்டை பெருசு, சுத்தி இருக்கிற தசைங்க தான் அதை புடிச்சு வச்சிருக்கு. ஸ்ட்ரோக்ல அந்த தசை தளந்து போனா கையோட எடையே உருண்டைய கீழ இழுக்கும், தோளுக்கு கீழ விரல் போற அளவு பள்ளம் விழும். அந்த நேரத்துல கைய புடிச்சு இழுத்து எழுப்புறதும் அக்குள்ல கைய குடுத்து தூக்குறதும் எவ்வளவு ஆபத்துன்னு நீங்களே யோசிச்சு பாருங்க. மேல கப்பி மாட்டி கயிறு இழுக்கிற பயிற்சியும் இவங்களுக்கு வேண்டாம். உக்காரும்போது கைக்கு அடியில தலையணை இருக்கட்டும், புரட்டும்போது தோளுக்கு பின்னாடி உள்ளங்கைய விரிச்சு வச்சு நகத்துங்க.

அப்ப எப்படி எழுப்புறது? முதல்ல நாற்காலியோட விளிம்புக்கு நகர சொல்லுங்க, பாதம் முழங்காலுக்கு கொஞ்சம் பின்னாடி போகட்டும், அப்புறம் மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னாடி சாயட்டும். உடம்போட எடை இருக்கைய விட்டு பாதத்துக்கு வந்தா தான் எழ முடியும். நாம நேரா முன்னாடி நின்னு மேல தூக்குறோம்ல, அது அந்த சாய்வ தான் தடுக்குது. பாதிச்ச பக்கமா நின்னு, உங்க முழங்காலால அவரு முழங்கால் மடங்காம தாங்கி, இடுப்புல கட்டின பெல்ட்ட புடிச்சுக்கோங்க. தாழ்வான சோபா பெரிய எதிரி, உக்கார்ற உயரத்த கொஞ்சம் கூட்டினாலே பாதி வேலை குறையும்.

சாப்பாட்டுல நம்ம ஊர்ல ஒரு தனி வேதனை இருக்கு. வலது கை போனவரு இடது கையால சாப்பிட மனசு வராம, யாராவது ஊட்டி விடட்டும்னு உக்காந்துருவாரு. அவர வற்புறுத்தாம சின்ன மாத்தம் பண்ணுங்க. விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு, நகராம இருக்க அடியில ஈரத்துணி, ஸ்பூன் காம்புல பழைய சைக்கிள் ட்யூப சுத்தி தடிமனாக்கினா விரல் முழுசா மூடாத கையும் புடிச்சுக்கும். சாம்பார் சாதத்துக்கு முன்னாடி இட்லித் துண்டுல, வாழைப்பழத்துல ஆரம்பிங்க. இடது கையால தான் சாப்பிடுறாருன்னாலும் வலது கை தட்டோட விளிம்பு மேல இருக்கட்டும், புடிச்சுக்கிறதும் ஒரு வேலை தான். சாப்பிடும்போது இருமினாலோ தொண்டையில தண்ணி தேங்கின மாதிரி குரல் மாறினாலோ அது முழுங்குறதுல வர்ற பிரச்சனையா இருக்கலாம், நிறுத்திட்டு டாக்டர் கிட்டயோ ஸ்பீச் தெரபிஸ்ட் கிட்டயோ காட்டுங்க.

தட்டுல இடது பாதி சாதம் அப்படியே இருக்குதா? பிடிவாதம்னு திட்டாதீங்க, வலது மூளையில அடிபட்டா கண் நல்லா இருந்தும் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே மூளைக்கு எட்டாம போகலாம். டேபிளோட இடது ஓரத்துல சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்ப தேடுங்க"ன்னு ஒவ்வொரு வேளையும் பழக்குங்க.

கை முழுசா திரும்பாதவங்களும் இருக்காங்க, அப்ப வேலைய மாத்தணும். வெங்காயத்த ஒரு கையால நறுக்க பலகையில ரெண்டு எவர்சில்வர் ஆணி அடிச்சு அதுல குத்தி வச்சா போதும். குளிக்க ஒரு ஸ்டூல், வாளி நல்ல கை பக்கம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல விபத்துல இடுப்புக்கு கீழ செயலிழந்த பிறகும், உக்காந்தே செய்யக்கூடிய அறுவை சிகிச்சையா பாத்து, சக்கர நாற்காலியில இருந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அதே ஊர்ல 1966ல தொடங்கின மறுவாழ்வு நிலையத்துக்கும் அவங்க தான் தலைமையா இருந்தாங்க. நிக்க முடியலன்னு அவங்க வேலைய யாரும் அவங்க கிட்ட இருந்து புடுங்கல.

புதுசா சேந்த அசிஸ்டெண்ட்களுக்கு இன்னொண்ணு, நோட்டுல "சட்டை போட உதவி தேவை"ன்னு எழுதினா யாருக்கும் உபயோகம் இல்ல. "பாதிச்ச கைய தானே விட்டாரு, முழங்கை தாண்டி இழுக்க ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு, காலர சுத்த நான் உதவினேன், கீழ் பட்டன் மூணு அவரே"ன்னு எழுதுங்க. அடுத்த நாள் வேற ஆள் வந்தாலும், வீட்டுல மக பாத்துக்கிட்டாலும், எந்த இடத்துல கைய எடுக்கணும்னு அந்த ஒரு வரியில தெரிஞ்சிரும்.