மெலிஞ்சு போன குழந்தைக்கு எதுக்கு ஹெச்ஐவி டெஸ்ட்?

ஆப்பிரிக்காவுல மலாவி நாட்டுல பிளான்டையர்னு ஒரு ஊரு, அங்க பெரிய அரசு ஆஸ்பத்திரில கடுமையா சத்து கொறஞ்ச பிள்ளைங்களுக்குன்னே ஒரு வார்டு இருக்கு, பேரு மோயோ. அவங்க சிச்சேவா மொழில மோயோன்னா உயிர்னு அர்த்தம். குழந்தையோட மேல்கைய டேப்பால அளப்பாங்க, 11.5 செ.மீ-க்கு கீழ வந்தா ஆபத்து. ரெண்டு காலும் வீங்கி, அழுத்துனா குழி விழுந்தாலும் ஆபத்துதான்.

சரி, இந்தப் பிள்ளை சாப்பாடு இல்லாம மெலிஞ்சுதா, ஹெச்ஐவியால மெலிஞ்சுதா? பாத்து சொல்லவே முடியாதுங்க. விடாத பேதி, வாய்க்குள்ள வெள்ளையா படியுறது, எடை ஏறாதது, எல்லாமே ரெண்டுலயும் வரும். சந்தேகம் வந்தா மட்டும் டெஸ்ட் பண்ணலாம்னு இருந்தா நெறைய பேர தவற விட்ருவோம், அதான் ஹெச்ஐவி அதிகமா இருக்குற ஊர்கள்ல இப்படி வர்ற எல்லா குழந்தைக்கும் பண்ணணும்னு சொல்றாங்க. சகாரா பாலைவனத்துக்கு தெக்க நடந்த ஆய்வுகள சேத்து 2009ல ஒரு கணக்கு வந்துச்சு, சத்து கொறஞ்ச பிள்ளைங்கள்ல ஹெச்ஐவி இருந்தவங்கள்ல சுமார் 30% இறந்துருக்காங்க, இல்லாதவங்கள்ல சுமார் 8%. படிச்சப்போ மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஆனா டெஸ்ட்லயே ஒரு சிக்கல் இருக்கு. விரல்ல குத்தி பாக்குற ரேபிட் டெஸ்ட் வைரஸ தேடாது, வைரஸுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியதான் தேடும். வயித்துல இருக்கும்போதே அம்மாவோட ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு வந்துரும், 18 மாசம் வரைக்கும்கூட ரத்தத்துல தங்கலாம். அதனால 8 மாசக் குழந்தைக்கு பாசிட்டிவ்னு வந்தா அது அம்மாவப் பத்தின சேதி, குழந்தைக்கு இருக்கா இல்லையான்னு அதுல தெரியாது. அப்போ வைரஸோட மரபணுவையே தேடுற பிசிஆர் வேணும். குதிகால்ல லேசா குத்தி அஞ்சாறு சொட்ட ஒரு தாள்ல விட்டு காய வச்சா போதும், ஐஸ் பெட்டி எதுவும் வேண்டாம், தூரத்துல இருக்குற லேபுக்கு அப்படியே அனுப்பலாம். எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயமே இந்தத் தாள்தான். ஆனா ரிசல்ட் வர லேட்டாகக் கூடாது, ஏன்னா தொற்று இருந்து மருந்து குடுக்காம விட்டா பாதி குழந்தைங்க 2 வயசத் தாண்ட மாட்டாங்க.

பாசிட்டிவ்னு உறுதியானாலும் முதல்ல ரத்தத்துல சர்க்கரை கொறையுறது, உடம்பு சில்லிட்டுப் போறது, மத்த கிருமித் தொற்று இதெல்லாம் சரி பண்ணிட்டுதான், தள்ளிப் போடாம உடனே வைரஸ் மருந்த ஆரம்பிப்பாங்க. கூடவே சிப்போண்டேன்னு அங்க சொல்ற நிலக்கடலை பேஸ்ட். ஹெச்ஐவி இருக்குற பிள்ளையும் தேறும், என்ன, கொஞ்சம் மெதுவா.

நெகட்டிவ் வந்தாலும், அம்மாவுக்கு ஹெச்ஐவி இருந்து தாய்ப்பால் குடிக்கிற குழந்தைன்னா அதோட முடியல, பால் மறந்து 3 மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். பால நிறுத்திடுன்னு அங்க சொல்றதில்ல, அம்மா மாத்திரைய விடாம போட்டா பால் வழியா பரவுறது ரொம்பவே கொறஞ்சுரும்.