ஏரி வண்டல் எடுக்க தாசில்தார் அனுமதி: யாருக்கு, எவ்வளவு, எப்படி?

சித்திரை வெயிலில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் இறங்கிப் பாருங்கள். மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு பாளத்தைப் பெயர்த்து உடைத்தால் உள்ளே கருப்பாக, மாவு மாதிரி இருக்கும். இடையில் நத்தை ஓடு, மக்கிய இலை. அது ஏரியிலேயே உண்டான மண் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மேட்டு நிலங்களிலிருந்து கரைந்து வந்து படிந்த மேல்மண். அதைத் திரும்ப வயலுக்குக் கொண்டுபோகத்தான் தமிழ்நாடு அரசு இலவச அனுமதி தருகிறது.

முன்பு இதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். ஆணை கைக்கு வருவதற்குள் ஏரியில் தண்ணீர் வந்துவிடும். 2024 ஜூனில் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 திருத்தப்பட்டு, அனுமதி வழங்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கு வந்தது. நிலமோ வீடோ ஏரி இருக்கும் அதே வட்டத்தில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பக்கத்து ஊர் ஏரியாக இருந்தாலும் பரவாயில்லை.

நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். டிராக்டர் டிப்பரில் 3 கன மீட்டர் பிடிக்கும் என்று வைத்தால் நஞ்சைக்கு 25 லோடு, புஞ்சைக்கு 30 லோடு. கேட்கப் பெரிதாகத் தெரியும். ஏக்கர் முழுக்க நிரவினால் ஒரு விரற்கடை கனம்தான் வரும். மண்பாண்டம் செய்பவர்களுக்கும் 60 கன மீட்டர் உண்டு. ஊரில் குயவர் குடும்பம் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

விண்ணப்பம் இ-சேவை இணையதளம் வழியாக. வீட்டில் கணினி இல்லையென்றால் இ-சேவை மையத்தில் போட்டுத் தருவார்கள். ஆதார், பட்டா, சிட்டா, அடங்கல் கையில் இருக்கட்டும். எந்த ஏரியில் எடுக்கலாம் என்பதை ஆட்சியர் அரசிதழில் அறிவித்திருப்பார். நீர்வளத் துறை ஏரிகளும் ஊராட்சி ஒன்றியக் கண்மாய்களும் அந்தப் பட்டியலில் வரும். பட்டியலில் இல்லாத ஏரியில் கை வைக்கக் கூடாது. மண்ணுக்குக் காசு இல்லை. வண்டி வாடகை நம் செலவு. வயலுக்கென்று வாங்கிய அனுமதியில் எடுத்த மண்ணைச் செங்கல் சூளைக்கோ மனை நிரப்பவோ விற்பது விதிமீறல்.

இதில் எனக்குப் பிடித்ததே இரண்டு பக்கமும் கிடைக்கும் லாபம்தான். 75 கன மீட்டர் மண் வெளியே போனால் அந்தக் குழியில் 75,000 லிட்டர் தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டில் 40 பேர் ஆளுக்கு ஓர் ஏக்கருக்கு எடுத்தால் 30 லட்சம் லிட்டர். ஏரியில் தண்ணீர் நின்றால் சுற்றிலும் கிணறு ஊறும், மோட்டார் ஓடும் நேரம் குறையும்.

வயல் பக்கம் பாருங்கள். செம்மண், மணல்சாரி நிலத்தில் தண்ணீர் நிற்காது. போட்ட யூரியாவும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். பயிர் வெளுத்தால் இன்னொரு மூட்டை போடுகிறோம். அந்த யூரியாவைத் தயாரிக்கவே இயற்கை எரிவாயு எரிகிறது. நிலத்தில் இட்ட தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வண்டலில் இருக்கும் களியும் மக்கிய இலைதழையும் ஈரத்தையும் சத்தையும் வேர்ப் பக்கத்தில் நிறுத்தி வைக்கும். அப்போது இரண்டாவது மூட்டைக்கு வேலை குறைகிறது. வண்டல் அடித்த நிலத்தில் கோடையில் ஆட்டுக்கிடை போட்டு (மந்தையை இரவில் வயலில் அடைத்து) உழுதால் இன்னும் நல்லது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஆடு மேய்க்கும் கீதாரிகளைத் தேடிப்போய் கிடைக்குச் சொல்வதை இன்றும் பார்க்கலாம்.

எல்லா நிலத்துக்கும் இது பொருந்தாது. ஏற்கெனவே களிமண்ணாக இருக்கும் வயலில் மேலும் களியைக் கொட்டினால் தண்ணீர் வடியாது, வேர் மூச்சு முட்டும். சில ஏரி மண்ணில் உப்பு இருக்கும். சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவு வந்த ஏரியென்றால் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ மண்ணை எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்த்துக்கொண்டு லோடு அடியுங்கள்.

வெட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். கரை அடியிலும் மதகு ஓரத்திலும் தோண்டினால் அடுத்த மழையில் கரை சரியும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்று ஆணையில் உள்ளதை ஜேசிபி ஓட்டுநரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரே இடத்தில் கிணறு மாதிரி பறித்துப் போட்டால், தண்ணீர் வந்த பிறகு அதில் மாடும் விழும், பிள்ளைகளும் விழுவார்கள். பரவலாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

உங்கள் ஊர் ஏரி பட்டியலில் இல்லையென்றால் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் ஏரியின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதி, சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.