ஒன்பது நீதிபதிகள் சொன்னதும் உங்கள் ஒன்றரை ஏக்கரும்

நில எடுப்பு நோட்டீஸோடு வருகிற கட்சிக்காரர்களில் பலர் கூடவே ஒரு வாட்ஸப் செய்தியையும் கொண்டுவருகிறார்கள். "தனியார் நிலத்தை அரசு எடுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே சார், ஒன்பது ஜட்ஜ்!" அந்த தைரியத்தில் நோட்டீஸை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, ஆட்சேபனைக்கான கெடுவைத் தவறவிட்டவர்களும் உண்டு.

தீர்ப்பு உண்மைதான். 2024 நவம்பர் 5 அன்று, மகாராஷ்டிர சொத்து உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் வந்தது. சமூகத்தின் வளங்களைப் பொது நன்மைக்குப் பயன்படும்படி பங்கிட வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 39(பி) பிரிவு. அந்த வளங்களுக்குள் தனியார் சொத்து எல்லாமே அடங்குமா என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாமே அடங்காது, சில அடங்கலாம் என்றது பெரும்பான்மை. சாலைக்காக இழப்பீடு கொடுத்து நிலம் எடுக்கும் அதிகாரத்தை அது தொடவே இல்லை. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் அப்படியே நிற்கிறது.

உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது, அதே ஆண்டு மே மாதம் இரண்டே நீதிபதிகள் தந்த தீர்ப்பு. கொல்கத்தா மாநகராட்சி ஒருவருடைய சொத்தை முறையாக எடுக்காமலே தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட வழக்கு அது. அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு தரும் சொத்துரிமைக்குள் ஏழு உரிமைகள் இருக்கின்றன என்று நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், ஆட்சேபனையைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், காரணம் எழுதி முடிவெடுக்க வேண்டும், பொது நோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும், இழுத்தடிக்கக் கூடாது, எடுப்பை முறைப்படி முடித்துவைக்க வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் கேள்வி கேட்கலாம். ஆனால் தொலைக்காட்சி விவாதத்தில் இந்தத் தீர்ப்புக்கு ஏது இடம்!

ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்திருந்தால்தானே அதை ஏன் கேட்கவில்லை என்று பிறகு வாதாட முடியும்? அதனால் நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதை முதலில் பாருங்கள். 2013 சட்டம் என்றால் முதல்நிலை அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் வெறும் 21 நாள். மனுவைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

இடஒதுக்கீட்டிலும் இதே குழப்பம்தான். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டை அவர்களுக்குள்ளேயே பிரித்துத் தரும் உள் ஒதுக்கீடு செல்லும் என்றார்கள். தமிழ்நாட்டில் அருந்ததியருக்கான 3 சதவீதமும் நிலைத்தது. நான்கு நீதிபதிகள் 'கிரீமி லேயர்', அதாவது வசதியில் முன்னேறியவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது பற்றியும் எழுதியிருந்தார்கள். உடனே, "எனக்குச் சம்பளம் அதிகம், பையனுக்கு ஒதுக்கீடு போயிடுமா?" என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தத் தீர்ப்பால் போகவில்லை. அங்கே முடிவு செய்ய வேண்டிய கேள்வியே அது இல்லை.

வக்ஃபு என்பது இஸ்லாமிய அறக்கொடைச் சொத்து. அதற்கான திருத்தச் சட்டத்தில் 2025 செப்டம்பர் 15 அன்று வந்தது இடைக்கால ஆணை. சில பிரிவுகளை மட்டும் நிறுத்திவைத்தார்கள்; வக்ஃபைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பிரிவுக்குத் தடை தரவில்லை. சட்டத்துக்கே தடை என்று நினைத்து ஒரு முத்தவல்லி சும்மா இருந்தால் நஷ்டம் அவர் நிர்வகிக்கும் சொத்துக்குத்தான்.

அப்புறம் நேரலை. 2022 செப்டம்பர் முதல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் அமரும் அரசியல் சாசன அமர்வின் விசாரணையை வீட்டிலிருந்தே பார்க்கலாம், நல்ல விஷயம். ஆனால் நீதிபதி கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் மாலைச் செய்தியில் "நீதிமன்றம் அதிரடி" ஆகிவிடுகிறது. நீதிபதிகள் தாங்கள் நம்பாத வாதத்தையும் எதிரே வைத்து வக்கீலைச் சோதிப்பார்கள். அது ஆணை ஆகாது.

உச்ச நீதிமன்றத்தின் தளத்தில் பல தீர்ப்புகளின் தமிழாக்கம் இலவசமாகவே கிடைக்கிறது. முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் கடைசிப் பத்திகளுக்குப் போங்கள், ஆணை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தமிழாக்கம் நீங்கள் புரிந்துகொள்வதற்கு. மனுவில் எடுத்துக்காட்ட ஆங்கில மூலம்தான் செல்லும்.