‘தனிப்பயனாக்கு’ வேண்டாம், ‘தோதாக்கு’ என்போம்

போன வாரம் பாளையங்கோட்டையில் எங்கள் கடைக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பழைய கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபதைத் தாண்டிய அண்ணாச்சி. மெனு முதல் எச்சரிக்கை வரை எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்திருக்கிறார். எழுத்து பொடியாகத் தெரிகிறது, ஒன்றைத் திறந்தால் காப்பி குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு என்று குறை சொன்னார். திரையின் வெற்றிடத்தில் வலப்பக்கம் சொடுக்கி ‘தனிப்பயனாக்கு’ என்ற வரிக்குச் சுட்டியைக் கொண்டுபோனேன், பதறிவிட்டார். “எய்யா, அத மட்டும் தொட்டுராத. அப்புறம் நான் ஒருத்தன்தான் பாக்க முடியும்லா, பேத்தி லீவுக்கு வந்தா என்ன செய்வா?”

மூன்று வருஷமாக அந்த வரியைத் தொடாமலே இருந்திருக்கிறார். எழுத்தைப் பெரிதாக்கும் வழி அதற்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அவர் மேல் தப்பே இல்லை. ஒன்றை நம் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘கஸ்டமைஸ்’ என்கிறார்கள், அதற்குக் கணினித் திரையில் வைத்த தமிழ்தான் இந்தத் ‘தனிப்பயனாக்கு’. தனி, பயன், ஆக்கு. தமிழ் படித்த யாரும் இதைத் தனி ஒருவருடைய பயனுக்கு ஆக்குவது என்றுதான் வாசிப்பார்கள். தாமிரபரணித் தண்ணீரை ஒருத்தர் குழாய் போட்டுத் தன் தோட்டத்துக்கு மட்டும் இழுத்துக்கொண்டால் அதுதான் தனிப்பயன், பொதுப்பயனுக்கு நேர் எதிர். பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் நடத்தியவருக்கே ஒரு சொல் தலைகீழாகப் புரிந்தால் பிழை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

சரி, மூலச்சொல் என்ன சொல்கிறது? ‘கஸ்டமைஸ்’ என்பதன் அடி ‘கஸ்டம்’, பழக்கம், வழக்கம். லத்தீனில் ‘கான்சுவெடூடோ’, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உடையைக் குறிக்கும் ‘காஸ்ட்யூம்’ கூட இதே வேரில் கிளைத்ததுதான். ஒரே கடைக்குப் பழக்கமாக வருகிறவர் ‘கஸ்டமர்’. அவர் சொன்னபடி செய்துகொடுத்தது 19ஆம் நூற்றாண்டில் ‘கஸ்டம் மேட்’ ஆனது, ‘கஸ்டமைஸ்’ என்ற வினை 1930களில் அமெரிக்காவில் பிறந்தது. தமிழிலும் இதற்கு இணையான ஓட்டம் உண்டு: வாடிக்கை என்றாலும் வழக்கம்தான், அதிலிருந்துதான் வாடிக்கையாளர். ஆனால் அந்த அடியை அப்படியே எடுத்து ‘வாடிக்கையாக்கு’ என்றால் பழக்கமாக்கு என்று பொருள் போய்விடும். வேர் ஒத்துப்போவதால் மட்டும் சொல் கிடைத்துவிடாது.

‘தனிப்பயனாக்கு’ ஏன் இவ்வளவு பரவியது என்று பார்த்தால், ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருக்கிறது, கஸ்டமைஸ், பெர்சனலைஸ். இரண்டையும் இந்த ஒரே சாக்கில் கட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பின்புலப்படத்தை மாற்றுவது, பணிப்பட்டையை ஓரத்துக்குத் தள்ளுவது, வேண்டாத அசைவூட்டத்தை நிறுத்துவது எல்லாம் நாம் நம் கையால் செய்வது. நாம் எதைத் தேடினோம், எதைப் பார்த்தோம் என்று கவனித்து அதற்கேற்ற விளம்பரத்தை நம் முன்னால் வைப்பது இயந்திரம் செய்வது. முதலாவதில் கட்டுப்பாடு நம் கையில், இரண்டாவதில் நம்மைப் பற்றிய தகவல் அவர்கள் கையில். ‘தனிப்பயனாக்கப்பட்ட அனுபவத்துக்கு அனுமதிக்கவும்’ என்று ஒரு கட்டம் வந்து நிற்கும்போது, நம் விருப்பப்படி ஏதோ மாற்றப்போகிறார்கள் என்று நினைத்து ‘சரி’யை அமுக்குகிறவர்களை வாரம் ஒருத்தராவது பார்க்கிறேன். இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் வைத்ததால் வந்த வினை இது.

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இதைப் பேசினாலே சண்டைக்கு வருவார். பல வருஷமாகப் புழங்கும் சொல்லாம், இனி மாற்றினால் குழப்பமாம். எங்கே புழங்குகிறது? திரையில் அச்சாகிக் கிடக்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒரு வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. வண்ணார்பேட்டையிலிருந்து வருகிற கல்லூரிப் பையன் “கஸ்டமைஸ் பண்ணித் தாங்கண்ணே” என்பான், மேலப்பாளையத்து அக்கா “எனக்குத் தக்கன மாத்திக் குடுங்க” என்பார். யாரும் சொல்லாத சொல்லைப் புழங்கும் சொல் என்று எப்படி ஒத்துக்கொள்வது?

மற்ற சொற்களையும் வைத்துப் பார்த்தேன். ‘பிரத்தியேகமாக்கு’ வடமொழி என்பது ஒரு பக்கம், பொருளும் அதே பள்ளத்தில்தான் விழுகிறது, இவருக்கு மட்டும் என்ற தொனி. ‘தகவமை’ அருமையான சொல், ஆனால் பள்ளிக்கூட உயிரியல் பாடத்தில் கள்ளியும் ஒட்டகமும் அதைப் பிடித்துக்கொண்டன, அங்கே உயிர்தான் சூழலுக்கு ஏற்ப மாறும், இங்கே மாற வேண்டியது கருவி. ‘விருப்பமைவு’ மோசமில்லை, இருந்தாலும் ‘விருப்பமைவு செய்’ என்று துணைவினையை இழுத்துக்கொண்டு வருகிறது, தானாக நடக்கத் தெரியாத சொல்.

அண்ணாச்சியின் கணினிக்கு வருகிறேன். நாலு ஜிபி நினைவகம், பழைய வன்தட்டு. தொடங்கும்போதே தானாக எழுந்துகொள்ளும் நிரல்கள் பதினொன்று இருந்தன, எட்டை நிறுத்தினேன். நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்த பின்புலப்படங்களை எடுத்துவிட்டு ஒரே நிறம் வைத்தேன். கண்ணாடி போன்ற ஒளிபுகு விளைவையும் சாளரம் மிதந்துவரும் அசைவையும் அணைத்தேன். வேகத்துக்கு முன்னுரிமை கொடுக்கும் தேர்வை வைத்தால் எல்லா அலங்காரமும் ஒரேயடியாகப் போய்விடும், ஆனால் எழுத்தின் விளிம்பை வழவழப்பாக்கும் வசதியும் சேர்ந்து போகும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கிக்கொள்ளும், நம் ‘ஞ’வும் ‘ழி’யும் சுழியெல்லாம் உடைந்து படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். தமிழில் வாசிக்கிறவருக்கு அந்த ஒன்றை மட்டும் திரும்ப இட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம் எழுத்தளவை நூற்றிலிருந்து 125 விழுக்காட்டுக்கு ஏற்றினேன். மறுதொடக்கம் செய்து, உட்கார்ந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “இப்பதாம்யா தோதா இருக்கு” என்றார்.

நான் தேடிய சொல் அதுதான். தோது. இந்தப் பக்கம் செருப்புக்கடையிலும் தையல்கடையிலும் நாளெல்லாம் கேட்கிற சொல். “கை தோதா இருக்கா?”, “தோதான எடம் பாத்து வீடு கட்டணும்.” ஒருவருக்கு, ஒரு வேலைக்கு, ஒரு அளவுக்குப் பொருந்தி வசதியாக இருப்பது. அழகையும் அதில் சொல்லலாம், வேகத்தையும் சொல்லலாம், அண்ணாச்சி சொன்னதில் இரண்டுமே இருந்தன. ‘ஆக்கு’ சேர்த்தால் தோதாக்கு, தோதாக்கல், தோதாக்கிய பட்டை என்று எல்லா வடிவமும் தங்கு தடையில்லாமல் வருகிறது. ‘தனிப்பயனா…’ என்று பொத்தானுக்குள் இடமில்லாமல் வெட்டுப்பட்டு நிற்கும் அவலமும் இல்லை. பேச்சுச்சொல் ஆயிற்றே, கலைச்சொல் ஆகுமா என்று நண்பர் கேட்டார். ‘திற’, ‘மூடு’, ‘ஒட்டு’, ‘வெட்டு’ எல்லாம் வீட்டுச்சொற்கள்தான், கணினியில் அவை ஒருவரையும் குழப்பவில்லை.

கேட்டவர் சொன்னபடி ஒரு பொருளைச் செய்துகொடுக்கும் இடத்தில் மட்டும் வேறு சொல் வேண்டும். பத்தமடையில் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சேர்த்து நெய்து தருவார்கள், அது ‘கஸ்டம் மேட்’ இல்லாமல் வேறென்ன? நகையானாலும் கட்டிலானாலும் “சொல்லிச் செஞ்சது” என்கிறோம். சொல்லிச்செய்த பாய், சொல்லிச்செய்த கணினி. இதைவிடத் தெளிவாக எந்த அகராதி தரும்? இயந்திரம் நம்மைக் கவனித்து மாற்றுவதை ‘ஆளறிந்து காட்டல்’ என்று வெளிப்படையாகவே சொல்லலாம், என்ன நடக்கிறது என்பது அனுமதி கொடுக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

இதே திரையில் இன்னொரு கொடுமை ‘கருப்பொருள்’. விண்டோஸ் 95க்குத் துணையாக வந்த ‘பிளஸ்’ தொகுப்பில் படம், ஒலி, சுட்டி வடிவம் எல்லாம் ஒரே கட்டாக வந்ததே, அந்தத் ‘தீம்’தான். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் ஒரு நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை. கதைக்குக் கருப்பொருள் என்றாலும் பொருந்தும், சாளரத்தின் நிறத்துக்கு எப்படிப் பொருந்தும்? ‘தோற்றக்கட்டு’ என்றால் முடிந்தது. மொழிபெயர்ப்பவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆங்கிலச் சொற்களை வரிசையாக ஒரு தாளில் கொடுத்து, அது பொத்தானா தலைப்பா என்றுகூடக் காட்டாமல் எதிரில் தமிழை நிரப்பச் சொன்னால் இப்படித்தான் வரும். ஆனால் நிரப்பிய பிறகு ஒருமுறை, ஒரே ஒருமுறை, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் வாசிக்கக் கொடுத்து “இதத் தொட்டா என்ன ஆகும்?” என்று கேட்டிருக்கலாம்.

அண்ணாச்சிக்குக் கொடுத்த ரசீதில் ‘கணினி தோதாக்கல், ரூ. 300’ என்று எழுதினேன். ஒன்றும் கேட்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.