வேரிகேட்டட்: நிறம் மாறும் கள்ளியா, தேமல் கள்ளியா?

போன வாரமும் ஒரு காணொலியில் காதில் விழுந்தது: "இது நிறம் மாறும் கள்ளி." காட்டியது ஒரு விலா (உடம்பில் மேலிருந்து கீழாக ஓடும் வரப்பு) பச்சையும் அடுத்த விலா மஞ்சளுமாக இருந்த ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளி வகை. காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறமா? அதென்ன பச்சோந்தியா?

மூலச்சொல் ஆங்கிலத்தின் வேரிகேட்டட். ஒரே செடியில் பச்சையும் வேறு நிறமும் கலந்திருப்பதைச் சொல்வது. லத்தீனில் 'வேரியுஸ்' என்றால் பலவாறான. 'அகெரே' என்றால் செய்தல். பலவாறாக்கப்பட்டது, அவ்வளவே. மாறிக்கொண்டே இருப்பது என்ற பொருள் அதில் இல்லை.

செடியில் நடப்பதும் அதுதான். வளரும் நுனியில் பச்சையம் உள்ள உயிரணுக்களும் இல்லாதவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவை பெருகப் பெருகத் தத்தம் நிறத்தையே கீழே விட்டுச் செல்கின்றன. ஒரு பக்கம் ஓங்கினால் புது வளர்ச்சி முழுப் பச்சையாகலாம். மறுபக்கம் ஓங்கினால் வெளுத்து, உணவு தயாரிக்க வழியின்றிச் செடி நலியலாம். மாறுவது புதிதாக வளரும் பகுதி. பழைய மஞ்சள் விலா பச்சையாவதில்லை. கடும் வெயிலில் கள்ளி சிவப்பது தனிக்கதை. அது பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலெயின் வகை நிறமி. நிழலுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் தணிந்துவிடும். 'நிறம் மாறும்' என்று சொல்லியே ஆகவேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'பசலைக் கள்ளி' என்கிறார்கள். பசலை, அதாவது பசப்பு, பிரிவில் காதலியின் மேனியில் படரும் வெளிறல். அழகுதான், ஆனால் தப்பு. குறளில் 'பசப்புறு பருவரல்' அதிகாரத்தைப் பாருங்கள்: தழுவிக் கிடந்தவள் சற்றே விலகியதும் பசப்பு வந்து அப்பிக்கொள்கிறது. தலைவன் வந்தால் போய்விடும். வருவதும் போவதும்தான் பசலையின் குணமே. நம் கள்ளியின் மஞ்சளுக்கு எந்தத் தலைவன் வரவேண்டும்? போதாக்குறைக்குச் சந்தையில் பசலை என்றால் கீரை. 'சுணங்கு' என்றும் ஒருவர் சொன்னார். சங்கப் பாடலில் அது மேனியில் படரும் பொன்னிறப் புள்ளி. இன்று 'சுணங்கி நிற்கிறது' என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

என் சொல் தேமல். பச்சைத் தோலில் வெளிறிய திட்டு. எந்தப் பாட்டிக்கும் விளக்கம் தேவையில்லை. உளுந்துக்கும் மரவள்ளிக்கும் வரும் தேமல் நோயை இழுப்பார்கள், தெரியும். அங்கே நோயைக் குறிக்கத்தான் 'நோய்' என்று தனியே ஒரு சொல் ஒட்டியிருக்கிறதே! தேமல் தோற்றத்தின் பெயர். ஜப்பானியர் இதை 'நிஷிகி' என்கிறார்கள். பல நிற நூலில் பூவேலை நெய்த பட்டு. அவர்கள் துணியைப் பார்த்தார்கள், நாம் தோலைப் பார்ப்போம். செடியைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்களுக்கு இரண்டும் வாய்க்காது.

ஒரு பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்புப் பந்தாக ஒட்டி விற்கிறார்களே, அதையும் 'வேரிகேட்டட்' என்கிறார்கள். பந்தில் பச்சையே கிடையாது. கீழே ஒட்டிய கள்ளிதான் சோறு போடுகிறது. அது தேமலும் ஆகாது. ஒட்டுக்கள்ளி என்றாலே போதும்.