ரீபில்ட் செய்த படகு இன்ஜின் ஏற்றியதும் இறுகிக்கொண்டால்

பிரித்துப் புதுப்பித்து (ரீபில்ட்) பட்டறை ஸ்டாண்டில் கையாலேயே சுழன்ற இன்ஜின், படகில் இறக்கிப் பூட்டியதும் அசைய மறுக்கிறது. செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பழி உடனே ரீபில்ட் செய்தவர் தலையில் விழும்: பேரிங் டைட், ரிங் இடைவெளி போதாது என்று. பேரிங் டைட் என்றால் பெரும்பாலும் ஸ்டாண்டிலேயே கைக்குத் தெரிந்திருக்கும். ஏற்றியபோது புதிதாக என்ன சேர்ந்தது என்று பாருங்கள். கியர்பாக்ஸ், கப்ளிங், செல்ஃப், எல்லாவற்றுக்கும் மேலாக வெட் எக்ஸாஸ்ட்.

செல்ஃபை மறுபடி அழுத்தாதீர்கள். உள்ளே தண்ணீர் நிற்கிறது என்றால் அடுத்த அழுத்தத்தில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளையலாம்.

வெட் எக்ஸாஸ்டில், இன்ஜினைக் குளிர்வித்து வரும் கடல்நீர் புகைக்குழாயில் கலந்து புகையின் வேகத்தில் வெளியேறும். ரீபில்ட் செய்த டீசல் இன்ஜின் முதல் தடவை சட்டென்று பிடிக்காது. டீசல் லைன் முழுக்கக் காற்று. அதனால் விட்டு விட்டு நெடுநேரம் செல்ஃப் அடிப்பார்கள். அத்தனை நேரமும் கடல்நீர் பம்ப் சுற்றுகிறது, தள்ளிவிடப் புகைதான் இல்லை. புகைக்குழாயில் உள்ள மஃப்ளர் நிரம்பி, தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். 500 சிசி சிலிண்டர், கம்ப்ரஷன் விகிதம் 21:1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 25 மில்லி. ஐந்து தேக்கரண்டிக்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதோடு நிற்கும்.

எல்லா நாசில்களையும் (சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை) கழற்றுங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் ரிங் ஸ்பானர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். முகத்தை நாசில் ஓட்டைக்கு நேரே வைக்க வேண்டாம். தண்ணீர் பீய்ச்சி வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அதில் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விடுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்தால் கடல்நீர். நிறமாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் கூலன்ட், அதாவது ஹெட் கேஸ்கெட்டையோ மேனிஃபோல்டையோ சந்தேகப்பட வேண்டும்.

கடல்நீர் என்றால் அன்றைக்கே வேலையை முடியுங்கள். சிலிண்டரின் உள்சுவரான லைனரில் துரு ஏற ஒரு ராத்திரி போதும். சிலிண்டர்களில் மெல்லிய எண்ணெய் விட்டுக் கையால் சில சுற்று சுற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் மூன்றாவது தடவையும் மாற்றலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்தால் ராடு வளைந்ததா என்று பாருங்கள்: ஹெட்டைத் திறந்து, உச்சியில் நிற்கும் பிஸ்டன்களின் உயரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தெரியும்.

தடுப்பது எளிது. நீண்ட நேரம் செல்ஃப் அடிப்பதானால் கடல்நீர் வால்வை மூடி வையுங்கள், இன்ஜின் பிடித்த கணமே திறந்துவிடுங்கள். திறக்க மறந்தால் கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இறகுச் சக்கரம், இம்பெல்லர், கருகும் (வால்வை மூடியதும் சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைப்பது பழைய தந்திரம்). எக்ஸாஸ்டில் தண்ணீர் கலக்கும் இடம் கடல்மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. கூட இல்லையென்றால் சைஃபன் தடுப்பு வளைவு (கடல்நீர்க் குழாயை உயர்த்தி வளைத்து, உச்சியில் காற்று விடும் அமைப்பு) கட்டாயம். இல்லாவிட்டால் இன்ஜின் நின்றிருக்கும்போதே தண்ணீர் உள்ளே போகும்.

தண்ணீர் இல்லையா? கப்ளிங் போல்ட்களைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். இப்போது சுழன்றால் கோளாறு கியர்பாக்ஸ், ஷாஃப்ட், புரொப்பல்லர் பக்கம். திரும்பப் பூட்டும்போது 100 மி.மீ. ஃபிளாஞ்சில் (கப்ளிங்கின் வட்டத் தகட்டில்) ஃபீலர் கேஜால், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டால், சுற்றிலும் அளந்த வித்தியாசம் 0.1 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது, அதையும் படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான் அளக்க வேண்டும். கப்ளிங்கைக் கழற்றியும் அசையாவிட்டால் செல்ஃபைக் கழற்றுங்கள், பல் சிக்கியிருக்கலாம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டேம்பர் பிளேட்டின் போல்ட் அளவுக்கு மேல் நீளமாக இருந்து எங்காவது முட்டுகிறதா என்றும் பாருங்கள்.

பத்து நிமிஷம் ஓடிவிட்டு இறுகி, ஆறியதும் விட்டுக்கொடுக்கும் இன்ஜின் வேறு ரகம். அது சூடு. நன்னீர்ச் சுற்றில் (இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் கூலன்டில்) காற்று சிக்கி ஏர் லாக் ஆகியிருந்தால் சென்சார் தண்ணீரில் நனையாமல் நிற்கும். கேஜ் சாதுவாகக் காட்டும், ஹெட் கொதிக்கும். தெர்மோஸ்டாட் அருகே உள்ள காற்றுத் திருகைத் திறந்து, தண்ணீர் மட்டும் வரும்வரை விடுங்கள். பழைய இம்பெல்லரின் உடைந்த ரப்பர் இறகுகள் கூலன்டின் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்திருப்பதும் அடிக்கடி நடப்பது.

ஆறிய பிறகும் விடவில்லை என்றால் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் மேல் ஷெல்லும் கீழ் ஷெல்லும் (இரண்டு அரை வளையங்கள்) இடம் மாறினால் ஆயில் ஓட்டையே அடைபடும். நாசில் இல்லாமல் செல்ஃப் அடித்து, ஆயில் கேஜ் முள் எழுந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாய்வாகப் பூட்டிய இன்ஜினில் டிப்ஸ்டிக் கோடு பொய் சொல்லும். மேனுவல் சொன்ன அளவை ஊற்றி, ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, ஆயில் இறங்கியதும் புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பிரித்துப் பார்க்கும் நிலை வந்தால் பிஸ்டனைத் துடைக்கும் முன் கீறலைப் பாருங்கள். சுற்றிலும் கீறல் என்றால் சூடு. தள்ளுவிசை விழும் பக்கங்களில் மட்டும் என்றால் ஆயில் பற்றாக்குறை அல்லது இடைவெளிக் குறைவு. நாசிலுக்கு நேர்கீழே ஒரே பட்டையாக இருந்தால் நாசில் ஒழுகி லைனர் ஆயிலைக் கழுவியிருக்கிறது. நாசிலைச் சோதிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதிலும் அதே பட்டை விழும்.