சுங்கானின் பச்சைப் படலமும் பல் தடமும்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா புகைபிடித்த சுங்கான் (பைப்), தாத்தா போன பிறகு சமையலறை ஜன்னலோரம் பல வருஷமாகக் கிடக்கிறதாம். கன்னங்கரேலென்று இருந்த வாய்க்குழல் இப்போது பழுப்பும் பச்சையுமாகிவிட்டது. நாக்கில் பட்டால் கசக்கிறது. “சகுனம் சரியில்லை, கடலில் போட்டுவிடு என்கிறார் பெரியம்மா. இது பூஞ்சையா? தாத்தாவின் பல் பதிந்த பள்ளங்களைச் சரிசெய்ய முடியுமா?”

கடலில் போட வேண்டாம். பூஞ்சையும் இல்லை, சகுனமும் இல்லை. அது கந்தகத்தின் வேலை.

முதலில் மரப்பகுதி. பெரும்பாலான சுங்கான்களின் கிண்ணம் பிரையர் மரத்தில் செய்தது. எரிகா ஆர்போரியா என்ற செடியின் வேரும் தண்டும் சேருமிடத்தில் திரளும் கட்டி அது. மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வருகிறது. நம் கேப் பகுதியில் 600க்கும் மேற்பட்ட எரிகா இனங்கள் இருந்தும், சுங்கானுக்கு தென்னாப்பிரிக்கா கொடுத்த கொடை சுரைக்காய்தான். காய் வளரும்போதே கழுத்தை வளைத்துவிட்டு, முற்றியதும் காயவைத்துச் செய்த சுங்கான்கள் 1899-1902 ஆங்கிலேய-போயர் போருக்குப் பிறகு பிரிட்டனில் பெயர் வாங்கின. எந்த மரமானாலும் உள்ளே படிந்த கரியை மெல்லிய பூச்சளவுக்கு விட்டுச் சுரண்டி, துளையை ஆல்கஹால் தோய்த்த கம்பித் திரியால் திரி சுத்தமாக வரும்வரை துடைத்தால் போதும். ஆல்கஹால் வெளிப்பூச்சில் படக்கூடாது. வாய்க்குழல் இறுகிக் கழற்ற வரவில்லையென்றால் சற்று நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் குழல் மரத்தைவிட அதிகம் சுருங்கி இளகிக்கொடுக்கும்.

இனி குழல். பழைய சுங்கான்களில் அது பெரும்பாலும் எபனைட், அதாவது கெட்டி ரப்பர். கார் டயர் ரப்பரில் கந்தகம் நூற்றுக்குச் சில பங்குதான். எபனைட்டில் முப்பது பங்கு அளவுக்குப் போகும். ரப்பர் என்பது நீண்ட கார்பன் சங்கிலிகளின் குவியல். கந்தகத்தோடு கலந்து மணிக்கணக்காகச் சூடாக்கும்போது, கந்தக அணுக்கள் ஒரு சங்கிலியையும் பக்கத்துச் சங்கிலியையும் பாலம் போட்டுப் பிணைக்கின்றன. மத்தி மீன் வரும் காலத்தில் டர்பன் கடற்கரையில் இழுக்கும் வலையை நினைத்துக்கொள்ளுங்கள்: நூல் சங்கிலி, முடிச்சு கந்தகம். டயரில் முடிச்சுகள் தூரம் தூரமாக இருப்பதால் இழுத்தால் நீள்கிறது. எபனைட்டில் அவ்வளவு நெருக்கம் என்பதால் கட்டைபோல் விறைத்து நிற்கிறது.

அந்த முடிச்சுகளை வெயில் அவிழ்க்கிறது. புறஊதாக் கதிர் கந்தகப் பிணைப்பை உடைக்க, காற்றின் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ள, கந்தக ஆக்சைடுகள் உண்டாகி ஈரத்தோடு சேர்ந்து துளியளவு கந்தக அமிலமாகின்றன. டர்பனில் வெயிலுக்கும் கடல் ஈரத்துக்கும் பஞ்சமே இல்லை. நிறம் மாறிய இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, பள்ளியில் பார்த்த நீல லிட்மஸ் தாளை ஒற்றிப் பாருங்கள், சிவக்க வாய்ப்பு அதிகம். நாக்கில் பட்ட கெட்ட சுவையும் இந்தச் சிதைவிலிருந்து வந்ததுதான்.

பெரியம்மாவுக்குக் காட்ட ஒரு சான்றும் இருக்கிறது. குழலைக் கழற்றி, மரத்துக்குள் செருகியிருந்த முனையைப் பாருங்கள். அநேகமாக அது இன்னும் பளபளவென்று கறுப்பாகவே இருக்கும். அதே குழல், அதே வயது, அதே வீடு. வெளிச்சம் மட்டும் அங்கே எட்டவில்லை. கெட்ட சகுனம் வெயில் பட்ட இடத்தில் மட்டும் ஏன் உட்கார வேண்டும்? நம் வீடுகளில் நல்ல பொருள்கள் எத்தனையோ இந்தப் பயத்தால் குப்பைக்குப் போயிருக்கின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இப்போது பல் தடம். எனக்கு இந்தப் பொருளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். வருஷக்கணக்காகக் கடித்ததில் குழல் பள்ளமானது. சங்கிலிகள் வளைந்து நெருங்கினவே தவிர, பெரும்பாலான முடிச்சுகள் அறுபடவில்லை. அறை வெப்பத்தில் எபனைட் கண்ணாடிபோல் உறைந்த நிலையில் இருப்பதால், அந்தச் சங்கிலிகள் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாமல் அப்படியே சிக்கிக் கிடக்கின்றன. கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கினால் உறைவு இளகும். சங்கிலிகள் அசையத் தொடங்கும். உடனே முடிச்சுகள் தம் பங்குக்கு இழுக்கின்றன. எந்த வடிவில் இருந்தபோது கந்தகம் அவற்றைப் பிணைத்ததோ அந்த வடிவத்துக்கு. பள்ளம் கண்முன்னே மேலெழுந்து வரும். அச்சில் வார்த்த அன்றைய உருவம் அத்தனை வருஷமும் அந்த முடிச்சுகளில் பத்திரமாக இருந்திருக்கிறது! ஓட்டையாகக் கடித்து, துணுக்கு உதிர்ந்த இடம் மட்டும் எழாது. இல்லாத பொருளை இழுக்க முடிச்சால் முடியாதே.

இதே காரணத்தால் ஒரு எச்சரிக்கை. வளைந்த குழல்களில் பெரும்பாலானவை நேராக வார்த்து, பிறகு சூட்டில் வளைத்தவை. கொதிநீரில் போட்டால் அவை நிமிர்ந்துகொள்ளும். முதலில் காகிதத்தில் வளைவை வரைந்து வைத்துக்கொண்டு, துளைக்குள் கம்பித் திரியைச் செருகி, சூடாக இருக்கும்போதே வரைபடத்தின் மேல் வைத்து வளைத்து, குளிர்ந்த நீரில் பிடியுங்கள்.

சூடாக்குவதற்கு முன் ஒரு கேள்வி. தாத்தாவின் பல் தடம் போகத்தான் வேண்டுமா? எழும்பிய பள்ளம் திரும்ப வராது. நானாக இருந்தால் விட்டுவைப்பேன்.

1860 முதல் இந்தியாவிலிருந்து இங்கே வந்த நம் குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சாதாரணப் பொருள்கள்: சீப்பு, பேனா, தொலைபேசி, கிளாரினெட்டின் வாய்முனை. எபனைட்டும் பழைய பிளாஸ்டிக்கும் அவற்றில் நிறைய. ஓவியத்தையும் உலோகத்தையும் காக்கச் செலவிடும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கை இவற்றுக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

சரி, வேலையின் வரிசை. சூடாக்குவதென்றால் அதை முதலில் செய்யுங்கள், ஏனெனில் வெந்நீர் பச்சைப் படலத்தை இன்னும் வெளியே கொண்டுவரும். அப்புறம் குழலை மட்டும் சோடியம் பெர்கார்பனேட் சலவைப் பொடி கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்தால் படலம் தளரும். சொரசொரப்பு எண் 400இல் தொடங்கி, மிக நைசான 2000 வரை உப்புத்தாளை நனைத்தே தேயுங்கள்; கந்தகத் தூள் மூக்கில் ஏறக்கூடாது. கடைசியில் கார்னௌபா என்ற பனையிலை மெழுகைப் பூசி மெருகேற்றுங்கள். முடிந்ததும் ஜன்னலோரத்திலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் வையுங்கள்.